உலக்கையும் போர் தண்ணீரும்

"சார், மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேணும்" என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். தர்மபுரியில் சரித்திரம் என்று ஆரம்பித்தாலே அதியமான், ஔவை, நெல்லிக்கனி என்று போய்விடும். அதை எழுத நம்மிடையே தமிழ்த்துறை நண்பர்கள் இருக்கிறார்கள். நான் இங்கே 1975 முதல் 1978 வரை பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, பிறகு பென்னாகரம் பக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் விஞ்ஞான வாத்தியாராக இருந்தவன். அதனால் வேறு மாதிரியான ஒரு சரித்திரத்தை எழுதலாம் என்று தோன்றியது. புதுசு புதுசாக விஞ்ஞானமும் யந்திரமும் வந்து இறங்கியபோது நம்ம ஜனங்கள் என்ன பண்ணினார்கள்? எதற்குப் பயந்தார்கள்? எதை வாசலில் கோலம் போட்டு வரவேற்றார்கள்? இதுதான் விஷயம்.

'பின்தங்கிய மாவட்டம்' என்று நம்மைச் சொல்லிச் சொல்லியே பழக்கிவிட்டார்கள். ஆனால் நாம் யந்திரத்துக்குப் புதுசு இல்லை. மயிலாடும்பாறை, 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை, நம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்தான். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இரும்பைக் கையில் எடுத்தவர்கள் வாழ்ந்த மண் இது. "அந்த ஜனங்களுக்கு என்னப்பா தெரியும்" என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

ரயில் வந்ததும் போனதும்

இப்போது இருக்கிற இளைஞர்களில் பலருக்கு, தர்மபுரிக்கு நூறு வருஷத்துக்கு முன்பே ரயில் ஓடியது தெரியாது. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் ஒரு குறுகிய பாதை போட்டார்கள். தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். 1913-ல் அதை ஓசூர் வரை நீட்டினார்கள். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, பஞ்சம் வந்தால் தானியம் கொண்டு போக வழி வேண்டும் என்று வறண்ட சீமைகளில் இப்படிப் பல பாதைகள் போட்டார்கள். அதில் இது ஒன்று.

எங்க தாத்தா சின்னப் பையனாக அந்த வண்டியைப் பார்த்தவர். "ஜனங்க பயந்தாங்களா தாத்தா?" என்று கேட்டிருக்கிறேன். "மொத நாள் மாடு மிரண்டுச்சு, மனுஷன் மிரளல. மனுஷனுக்கு டிக்கெட் காசுக்குத்தான் பயம்" என்பார். வண்டியின் வேகம், டிக்கெட் விலை, சந்தைக்கு எத்தனை மூட்டை ஏற்றலாம் என்பதெல்லாம் ஒரு மாசத்தில் அவர்களுக்கு அத்துப்படி ஆகிவிட்டதாம். யுத்த காலத்தில், 1941-ல், பாதையை மூடிவிட்டார்கள். வந்தபோதும் யாரும் நம்மைக் கேட்கவில்லை, போனபோதும் கேட்கவில்லை. மொரப்பூர்–தர்மபுரி பாதையை மறுபடி போட 2019-ல்தான் அடிக்கல் நாட்டினார்கள்.

தாத்தா சொன்னதில் ஒரு பாடம் உண்டு. பலன் உடனே கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரத்தில் நம்ம ஜனங்களை லேசில் ஏமாற்ற முடியாது. 1980-ல் ஓசூரில் தயாராகி டி.வி.எஸ். 50 வந்ததே, அதை எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? முன்னால் ஒரு மூட்டை தவிடு, இரண்டு பக்கமும் பால் கேன், பின்னால் வீட்டுக்காரி, அவள் மடியில் குழந்தை. இத்தனையோடு மேட்டில் ஏறினால்தான் அது வண்டி! கம்பெனி எஞ்சினியர் கூட அப்படி ஒரு பரீட்சை வைத்திருக்க மாட்டார்.

வானத்திலிருந்து விழப்போகுதாம்!

சரி, கைக்கு எட்டாத சமாச்சாரத்தில் எப்படி?

1979 ஜூலை மாதத்தை என் வயசுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. அமெரிக்கா 1973-ல் அனுப்பிய ஸ்கைலாப் விண்வெளி நிலையம், 77 டன் எடை, பூமியில் விழப்போகிறது, எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். நாட்டில் பல ஊர்களில் போலீசே உஷார் நிலையில் இருந்தது. நான் அப்போது பி.எட். முடித்துவிட்டு ஊரில் இருந்தேன். டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. "எப்படியும் சாகப் போறோம், கோழி மட்டும் எதுக்கு மிச்சம்?" என்று வளர்த்த கோழியை அடித்துக் குழம்பு வைத்தவர்கள் எங்க ஊரிலேயே உண்டு. கடன் கொடுத்தவர் மட்டும் "விழறதுக்குள்ள குடுத்துடு" என்று வீடு வீடாக நடந்தார். தெலுங்குச் சீமையில் நடந்த கூத்தை வைத்து 2021-ல் ஒரு சினிமாவே எடுத்தார்கள்.

ஜூலை 11-ம் தேதி அது இந்து மகா சமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் காட்டுப் பகுதியிலும் துண்டு துண்டாக விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. எஸ்பெரன்ஸ் என்ற ஊர்க்காரர்கள், "எங்க ஊரில் குப்பை போட்டதற்கு" என்று நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தார்கள். அந்த ஊர்ப் பஞ்சாயத்து நம்ம ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சளைத்தது இல்லை!

உலக்கை நின்ற அதிசயம்

ஸ்கைலாப் பயம் அடங்கி எட்டு மாதம் கூட ஆகவில்லை. 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை, சூரிய கிரகணம். வட கர்நாடகம், ஆந்திரம் வழியாக ஒரிசா வரை முழு கிரகணம். நமக்குப் பகுதிதான். ஆனாலும் அன்று பிற்பகல் வீதியில் காக்காய் குருவி இல்லை. கதவை அடைத்து, ஊறுகாய் ஜாடி முதல் தண்ணீர்க் குடம் வரை தர்ப்பை போட்டு, கர்ப்பிணிகளை உள்ளறையில் உட்கார வைத்து, நாடே ஒளிந்துகொண்டது.

அன்று வீட்டுக்குள் ஒரு பரிசோதனை நடந்தது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்துவார்கள். கிரகணம் பிடித்திருக்கும் வரை உலக்கை பிடிமானம் இல்லாமல் நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்பது நம்பிக்கை. எங்க ஆயா நிறுத்தினார். நின்றது! பக்கத்து வீட்டிலும் நின்றது. நான் வேதியியல் படித்தவன் என்பதால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இப்ப என்னா சொல்றே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், சூரியன் பளிச்சென்று இருக்கும்போது, அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை நிறுத்தினேன். நின்றது. பூண் போட்ட அடிப்பாகம் தட்டையாக இருந்து, தரையும் சமமாக இருந்தால் உலக்கை எந்த நாளும் நிற்கும். நிதானமாக நிறுத்தத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தனை வருஷமா ஒருத்தரும் மறுநாள் நிறுத்திப் பாக்கலையே கண்ணு!"

நண்பர்களே, நான் படித்த விஞ்ஞானம் முழுவதையும் ஒரு வரியில் சொல்லச் சொன்னால் ஆயா சொன்ன அந்த வரியைத்தான் சொல்வேன். கிரகணத்தன்று நின்றது என்பது பாதிச் சோதனை. கிரகணம் இல்லாத நாளில் நிற்கிறதா என்று பார்ப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைச் செய்யாமல் விட்டதால்தான் அதிசயம் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்திருந்தது.

1995 செப்டம்பர் 21-ல் நாடு முழுவதும் பிள்ளையார் பால் குடித்தார். அதுவும் இதே கதைதான். ஸ்பூனின் விளிம்பு சிலையைத் தொட்டதும் பரப்பு இழுவிசையால் பால் இழுக்கப்பட்டு, மெல்லிய படலமாகச் சிலைமேல் வழிந்துவிடும். டில்லியில் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து காட்டினார்கள். ஆனால் எனக்கு ஆச்சரியம் பால் இல்லை, செய்தி பரவிய வேகம்தான். காலையில் டில்லி, மதியத்துக்குள் எங்க ஊர்! எப்படி? எஸ்.டி.டி. பூத் வழியாக. விஞ்ஞானம் கொடுத்த கம்பியில் ஏறித்தான் அந்தப் புரளி வந்தது.

இதற்குள் ஜனங்களும் மாறிக்கொண்டுதான் வந்தார்கள். 2019 டிசம்பர் 26-ல் கோவை, திருச்சி வழியாக வளையச் சூரிய கிரகணம் வந்தது. நமக்கு அன்றும் பகுதிதான் என்றாலும் சூரியனில் பெரும்பகுதி மறைந்தது. 1980-ல் கதவை அடைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் கிரகணக் கண்ணாடியோடு பள்ளி மைதானத்தில் நின்றார்கள். "எனக்கு, எனக்கு" என்று கண்ணாடிக்கு அடிதடி. நான் ஓய்வு பெற்றிருந்தாலும் போய் நின்று பார்த்தேன்.

பயமே இல்லாமல் வந்த ஒன்று

இதுவரை எழுதியதைப் படித்துச் சிரித்திருப்பீர்கள். இனிமேல் வருவது சிரிக்கிற விஷயம் இல்லை.

நம்ம ஊர் அந்தக் காலத்தில் கிணற்றுப் பூமி. கவலை ஓட்டி நீர் இறைத்தார்கள். பிறகு ஆயில் எஞ்சின், பிறகு கரண்ட் மோட்டார். கிணறு வற்ற வற்ற ஆழம் கூடியது. கடைசியில் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. நூறு அடி, இருநூறு அடி, அதற்கும் கீழே. குடிதண்ணீருக்கு அடிபம்பு வந்தது. யுனிசெஃப் உதவியோடு 1970-களில் இந்தியாவிலேயே உருவாக்கி, கோவைப் பக்கம் சோதித்துப் பார்த்த 'இந்தியா மார்க்–2' பம்பு அது. உலகம் பூரா போன நல்ல யந்திரம். குறை சொல்லவே முடியாது.

எங்க ஊரில் ரிக் வண்டிக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார்கள். தண்ணீர் பீறிட்டு அடித்தபோது பிள்ளைகள் அதிலேயே குளித்தார்கள். பொம்பளைகள் ஒரு மைல் நடந்து குடம் சுமந்தது அன்றோடு முடிந்தது. திறந்த கிணற்றுத் தண்ணீரால் வந்த காலராவும் பேதியும் குறைந்தன. ரயிலுக்காவது மாடு மிரண்டது. போர் தண்ணீருக்கு எதுவும் மிரளவில்லை. தெளிவாக இருந்தது, நாற்றமில்லை, ருசியும் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் நம் மாவட்டத்துப் பாறை வேறு மாதிரி. கிரானைட், நைஸ், சார்னோகைட் என்று பழங்காலப் பாறைகள். அவற்றில் உள்ள சில தாதுக்களில் ஃப்ளோரின் இருக்கிறது. பாறை இடுக்கில் நெடுநாள் தேங்கிய தண்ணீரில் அது ஃப்ளோரைடாகக் கரைகிறது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் பக்கத்துப் பல கிராமங்களில் அதைத் தாண்டியது. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் வட்டாரங்களை ஃப்ளோரோசிஸ் பகுதி என்றே ஆராய்ச்சிக் கட்டுரைகள் குறிப்பிடுகின்றன.

அது உடனே ஒன்றும் செய்யாது. எட்டு வயதுக்குள், பல் உருவாகும் காலத்தில் அந்தத் தண்ணீரைக் குடிக்கும் பிள்ளைக்கு, முளைத்து வரும் நிலைப்பல்லே வெள்ளைத் திட்டும் காவிக் கோடுமாக வரும். பல்பொடி மாற்றினாலும், எத்தனை தேய்த்தாலும் போகாது. கூடுதல் அளவில் பல வருஷம் குடித்தால் எலும்பில் படிந்து மூட்டு இறுகும், முதுகு வளையும். கொதிக்க வைத்தாலும் பிரயோஜனமில்லை. தண்ணீர் சுண்டச் சுண்ட ஃப்ளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

நான் வேலை பார்த்த பள்ளியில் குரூப் போட்டோ எடுக்கும்போது, போட்டோக்காரர் "சிரிங்க" என்பார். பிள்ளைகள் உதட்டை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். பெண்பிள்ளைகள் கையால் வாயை மறைப்பார்கள். "பல்லே விளக்க மாட்டாங்களா இந்த ஊர்ல?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எட்டாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கிய பெண்ணைப் பின்னாளில் பெண் பார்க்க வந்தவர்கள், பல்லைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அந்தப் பெண் என்ன தப்பு செய்தாள்? அரசாங்கம் போட்டுக் கொடுத்த குழாயில் தண்ணீர் குடித்தாள்.

இதில் மனசை அறுக்கிற விஷயம் என்ன தெரியுமா? இது விஞ்ஞானத்துக்குத் தெரியாததில்லை. அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில், தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் பாதிக்கப்படுவதை 1937-லேயே கண்டுபிடித்து மருத்துவப் பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். நம்ம ஊருக்கு ரிக் வண்டி வருவதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்னால்! துளை போடுகிற யந்திரம் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தண்ணீரைச் சோதிக்கிற கண்ணாடிக் குழாய் வந்து சேரவில்லை.

ஊருக்கு ஒரு கிறுக்கு

அந்தக் கண்ணாடிக் குழாயை எங்க பக்கம் முதலில் கொண்டு வந்தவர் என் விடுதி நண்பர் ஒருவர். பெயர் சொல்ல வேண்டாம் என்பார், சொல்லவில்லை. அந்தக் காலத்து விடுதிவாசிகளுக்கு அடையாளம் தெரியும். மற்றவர்கள் சினிமாவுக்குப் போகும்போது இவர் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக் கொண்டிருப்பார். சாப்பாட்டு மணி அடித்தாலும் காதில் விழாது. 'கிறுக்கு' என்றுதான் கூப்பிடுவோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். இன்று இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஸ்டைலாக இங்கிலீஷ் பெயர் இருக்கிறதாம். அன்றைக்குக் கிறுக்குதான்.

1980-களின் கடைசியில் அவர் ஒரு பாட்டிலில் சிவப்புக் கரைசலோடு எங்க ஊருக்கு வந்தார். சிர்க்கோனியம்–அலிசரின் கரைசல். ஃப்ளோரைடு இல்லாத தண்ணீரில் ஊற்றினால் சிவப்பாகவே இருக்கும். ஃப்ளோரைடு கூடக் கூட மஞ்சளுக்கு மாறும். எங்க ஊர் அடிபம்புத் தண்ணீர் மஞ்சளானது. மழைத் தண்ணீர் சிவப்பாகவே நின்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கவனியுங்கள், மறுநாள் நிறுத்திய உலக்கை மாதிரியேதான் இதுவும்.

கூட்டத்தில் ஒருவர், "கலர் தண்ணி காட்டி வித்தை பண்றியாப்பா?" என்றார். ஒரு வயசான அம்மா முன்னால் வந்து, இரண்டு குழாயையும் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சரி கண்ணு, நீ சொல்றது நெசம்னே வெச்சுக்குவோம். இதைக் குடிக்காதேன்னா, எதைக் குடிக்கிறது?"

எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளிய வைக்கிற 'நல்கொண்டா முறை' என்று ஒன்று உண்டு. செய்து காட்டினோம். தினமும் அளந்து போட்டு, கலக்கி, தெளிய வைத்து, வண்டலைக் கொட்டி... கூலி வேலைக்குப் போகிறவளுக்கு அதற்கு ஏது நேரம்? இரண்டு மாசத்தில் நின்றுவிட்டது. அந்த அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. பயமுறுத்துவது சுலபம், மாற்று வழி கொடுப்பதுதான் விஞ்ஞானம்.

அந்த மாற்று வழி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமாக வந்தது. ஜப்பான் நிதியுதவியோடு 1,928.80 கோடி ரூபாய். 2008-ல் அடிக்கல், 2013-ல் தொடக்கம். காவிரித் தண்ணீர் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் குழாயில் ஏறியது. திட்டத்தின் பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு' என்று இருந்தது. நெல்லூர்க் கட்டுரை வந்த 1937-லிருந்து எண்ணிப் பார்த்தால் 76 வருஷம்.

இன்று படிக்கிற பிள்ளைகளுக்கு

இந்தச் சரித்திரத்தைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஸ்கைலாபுக்குப் பயந்தோம், அது நம்மைத் தொடவில்லை. கிரகணத்துக்குப் பயந்தோம், அது ஒன்றும் பண்ணவில்லை. கற்பூரம் காட்டி வரவேற்ற தண்ணீர்தான் எலும்புக்குள் போனது. நம்ம ஜனங்கள் முட்டாள்கள் என்பதால் இல்லை. டி.வி.எஸ். 50-யை மேட்டில் ஏற்றிப் பார்த்தவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒரே நாளில் பலன் தெரிந்தால் அவர்களே சோதித்துவிடுவார்கள். பத்து வருஷம் கழித்துத் தெரிவதைச் சோதிக்கப் படித்தவன் வேண்டும். அந்த வேலைக்காகத்தான் ஊர்ப் பணத்தில் நமக்குக் கல்லூரியும் லேபும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போதும் உலக்கைகள் நிற்கின்றன, வேறு வேஷத்தில். வீட்டுக்கு வருகிற ஃபில்டர் விற்பனையாளர் இரும்புக் கம்பி வைத்த ஒரு கருவியை உங்கள் குழாய்த் தண்ணீரில் விட்டு, தண்ணீர் பழுப்பாவதைக் காட்டுவார். "பாருங்க எவ்வளவு அழுக்கு!" அது அழுக்கு இல்லை, கரண்டில் கரைந்த அவருடைய கம்பி. ஃபில்டர் தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் பாயாது, அதனால் கலங்காது. அவர் கம்பெனித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள், ஆள் மூட்டையைக் கட்டிவிடுவார். உப்பளவு காட்டுகிற பேனா மீட்டரும் மொத்த உப்பைத்தான் காட்டும். ஃப்ளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஊருக்குப் போகும்போது ஒரு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துப் போங்கள். ஃப்ளோரைடு சோதனைக்குக் கண்ணாடி பாட்டில் ஆகாது. உங்கள் தெருக் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா, இரண்டும் கலந்ததா என்று பம்ப் ஆபரேட்டரிடம் கேளுங்கள். ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் வீட்டில் எதைக் குடிக்கிறார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். அந்தத் தண்ணீரைப் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள், அல்லது நம் வேதியியல் துறையில் சொல்லிச் சோதியுங்கள். வருகிற எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதச் சொல்லுங்கள். கிறுக்கு என்பார்கள். சொல்லட்டும், நல்ல பட்டம்தான்.

முன்னாள் மாணவர்களான நமக்கும் வேலை இருக்கிறது. நம் சங்கம் எத்தனையோ நற்காரியம் செய்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை, நம் மாணவர்களின் கிராமங்களில் இருந்து வரும் பாட்டில்களைச் சோதிக்கும் செலவையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று இந்த மலர் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். குடிநீர் சரியான ஊர்களில், எட்டு வயதுப் பிள்ளைக்கு முளைக்கிற புதுப்பல் வெள்ளையாக வருவதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். அந்தப் பிள்ளைகள் போட்டோவுக்கு வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். எல்லா ஊரிலும் அப்படிச் சிரிக்க வேண்டும்.